அறுபத்து மூன்று பெல்ராய்ட்கள்

எட்னா பெல்ராய்ட் அகென்ஷா தொலைபேசி நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். நாட்டிலுள்ள அத்தனை ஊர் டைரக்டரிகளும் அங்கே சுவரோரம் அடுக்கிக் கிடக்கும். இடைவேளையில் மற்றப் பெண்கள் டீயும் சிகரெட்டுமாக உட்கார்ந்து புருஷன்மார்களை வறுத்தெடுப்பார்கள். எட்னாவுக்குப் புருஷன் கிடையாது. அவள் ஒரு டைரக்டரியை மடியில் போட்டுக்கொண்டு தன் குடும்பப் பெயர் வர வேண்டிய பக்கத்தைத் திருப்புவாள். அநேகமாக அது இருக்காது. பெல் இருப்பார், பெல்லிங் இருப்பார், பெல்ராய்ட் இருக்கமாட்டார். லண்டன் டைரக்டரி நாலு தொகுதி, ஒவ்வொன்றும் தலையணை கனம். அதில் ஒரே ஒரு பெல்ராய்ட். கென்ட்டில் இரண்டு. அகப்பட்டதை ஓர் அட்டையில் எழுதி ஷூ பெட்டியில் போட்டு வைப்பாள்.

"என்ன எட்னா, இன்னைக்கு உன் ஆளு யாராச்சும் சிக்குனாங்களா?"

"பிரைட்டன்ல ஒருத்தர்."

"விடாதே, பிடிச்சுக் கட்டிக்கோ. பேரு மாத்துற வேலையாவது மிச்சமாகும்."

ஸ்மித் என்றோ டெய்லர் என்றோ பிறந்தவர்களுக்கு இந்த வியாதி வராது. நாட்டில் எவனுக்கும் இல்லாத பெயரோடு பிறந்தவர்களுக்குத்தான் வரும். அப்படி ஒரே பெயரைத் துரத்திக்கொண்டு திரிகிறவர்களுக்கென்று இங்கிலாந்தில் சங்கமே இருக்கிறது. எட்னா அதில் உறுப்பினர். ஓய்வு பெற்றபிறகு முழுநேரமும் அதே வேலை. ஷூ பெட்டி ஒன்று ஏழாகி, கட்டிலுக்கு அடியில் இடம் போதாமல் மாடிப்படியில் ஏறியது.

அவள் கண்டுபிடித்த கதை இது. பெல் என்று ஒருவன் மலைச்சரிவில் காட்டை வெட்டித் திருத்திய துண்டு நிலம் பெல்ராய்ட். யார்க்ஷயரில் அந்தப் பக்கத்தில் திருத்திய நிலத்துக்கு ராய்ட் என்று பெயர். 1379-ல் ராஜா தலைவரி போட்டபோது, அங்கே குடியிருந்த ஜான் என்பவன் நாலு பென்ஸ் கட்டியதாகத் தோல் சுருளில் ஒரு வரி இருக்கிறது. நிலத்தின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பிறகு ஐந்நூறு வருஷம் அவர்கள் அகென்ஷா பள்ளத்தாக்கை விட்டு அசையவில்லை. ஆடு மேய்த்தார்கள், வீட்டில் தறி போட்டார்கள், ஆலை வந்ததும் ஆலைக்குப் போனார்கள். 1881 கணக்கெடுப்பில் நாடு முழுக்க நூற்றுப் பன்னிரண்டு பெல்ராய்ட். அதில் தொண்ணூற்றேழு பேர் அகென்ஷாவைச் சுற்றி ஆறு மைலுக்குள். அப்புறம் நகராட்சி குடிநீருக்காக அணை கட்டிப் பழைய பண்ணையை மூழ்கடித்தது. முதல் உலகப் போர் ஆறு பேரைத் தின்றது. பெண்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டு வேறு பெயருக்குப் போனார்கள். 1985-ஆம் வருஷத்தில் எட்னாவின் கணக்குப்படி உயிரோடு இருந்தவர்கள் அறுபத்து மூன்று. பள்ளத்தாக்கில் இரண்டே பேர். அவளும், அவள் தம்பி மகன் கீத்தும்.

கணக்குக்கு ஒரு விதி உண்டு. பெல்ராய்டாகப் பிறந்தவர்தான் பெல்ராய்ட். மருமகளாக வந்தவள் சேர்த்தியில்லை. மகளாகப் பிறந்து வெளியே போனவளின் அட்டையில் 'திருமணமாகிச் சென்றாள்' என்று எழுதி, கீழே சிவப்புக் கோடு போட்டு முடித்துவிடுவாள். அவளுடைய பிள்ளைகள் வேறு யாருடைய பெட்டிக்கோ உரியவர்கள். பெயரைத் தேடுகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெல்ராய்ட் என்று கூப்பிட்டால் கடைத்தெருவில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்த காலத்தில், எந்த பெல்ராய்ட் என்று தெரிய ஊர் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டம் கட்டியிருந்தது. பாலத்து பெல்ராய்ட், லாட வீட்டு பெல்ராய்ட். மூன்றாவது கிளைக்குக் குடிகார பெல்ராய்ட் என்று பெயர். எட்னா அந்த மூன்றாவது.

அந்த வீட்டு ஆட்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் கால் பின்னும், நாக்கு குழறும், கோபம் பொத்துக்கொண்டு வரும், கையில் எடுத்த கோப்பை தரையில் இருக்கும். மெதடிஸ்ட் சபை ஊர் அது. மது என்றால் பாவம். பட்டத்தை அழித்துவிட எட்னாவின் தாத்தா, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சபையில் உறுதிமொழிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அதைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டினார். அதற்குக் கீழேயே தள்ளாடி விழுந்து செத்தார். அப்பா கிளிஃபர்டும் கையெழுத்துப் போட்டவர்தான். சபைக் கோயிலான சேப்பலின் பாடகர் குழுவில் நல்ல குரல். 1938 ஈஸ்டர் அன்று பாட்டின் நடுவே அவர் ஆடி அசைந்து, பாட்டுப் புத்தகம் கையிலிருந்து எகிறி முன்வரிசை அம்மாளின் தொப்பியில் விழுந்தது. மறுநாள் சபைப் பெரியவர் வீட்டுக்கு வந்தார்.

"அவர் வாயை மோந்து பாருங்கய்யா, ஒண்ணுமில்ல" என்று அம்மா கெஞ்சினாள்.

"கைதேர்ந்த குடிகாரனுக்கு வாய் நாறாதும்மா. நாளையிலேர்ந்து அவர் பாட வேணாம்."

பதினாலு வயது எட்னா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவள் அம்மாவை நம்பவில்லை, சபைப் பெரியவரை நம்பினாள். ஐந்து வருஷத்தில் அப்பா ஆலையில் பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரத்துக்குள் கையை விட்டுச் செத்தபோதும், குடிகாரன் கவனமில்லாமல் விட்டிருப்பான் என்றே நினைத்தாள்.

பிறகு தம்பி ரேமண்ட். பஸ் ஓட்டினான். நாற்பது வயதில் அவனுக்கும் ஆரம்பித்தது. பெண்டாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள். பதினாலு வயது கீத்தை எட்னா தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். பஸ் கம்பெனி ரேமண்டின் வேலையைப் பிடுங்கியது. 1975 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் மகனைப் பார்க்க அக்கா வீட்டுக்கு வந்தான். தெருவின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அவன் வருவதை எட்னா ஜன்னலிலிருந்து பார்த்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"அக்கா, தொறக்கா. நான் குடிக்கல."

"போய்ப் படுத்துத் தெளிஞ்சப்புறம் வா."

"சத்தியமா ஒரு சொட்டுத் தொடலக்கா. இந்தா, மோந்து பாரு."

கதவில் தபால் போடும் துவாரத்தின் தகட்டு மூடி எழும்பிற்று. அவன் குனிந்து வாயை அதில் வைத்து ஊதினான். ஹா, ஹா என்று இரண்டு தடவை. எட்னா குனியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த கீத் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரு என்று கையைக் காட்டினாள். நாலு மாசம் கழித்து ரேமண்ட் கால்வாயில் மிதந்தான். அந்த வருஷம்தான் அவள் ஷூ பெட்டி வேலையில் தீவிரமாக இறங்கினாள். துக்கத்தில் செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. செத்தவர்களின் சான்றிதழ்களை வரவழைத்தாள். தம்பியின் அட்டையில் குறிப்பு என்ற இடத்தில் ஒரே வார்த்தை எழுதினாள்: குடி.

கீத் நல்லபடியாக வளர்ந்தான். மின்சாரப் பணியாளன். நர்ஸ் வேலை பார்த்த ஜானிஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். ஆறு வருஷம் பிள்ளை இல்லை. எட்னா வாயைத் திறந்து கேட்டதில்லை; ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் ஜானிஸின் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பாள். 1985 ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கீத் உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"அத்தை, உன் லிஸ்ட்ல ஒரு எடம் போட்டு வை. நவம்பர்ல ஆளு வருது."

எட்னா கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். அறுநூறு வருஷம் இருந்த பெயர் தன்னோடும் கீத்தோடும் இந்த மண்ணில் முடியப்போகிறது என்று அவள் மனசு அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பிறந்தால் முடியாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது; வேறு எதையும் அவள் கடவுளிடம் கேட்டதில்லை.

அந்த மே மாதம் பெல்ராய்ட்களின் முதல் கூட்டத்தைக் கூட்டினாள். அறுபத்து மூன்று பேர் முகவரியும் உலகத்தில் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. எல்லோருக்கும் தட்டச்சில் அழைப்பு. சேப்பல் ஞாயிறு பள்ளிக் கூடத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். பன்றிக்கறி அடை, ஹாம் சாண்ட்விச், பெரிய பாத்திரத்தில் டீ. ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். இது யார் மூக்கு, நம்ம மூக்கு என்று சிரித்தார்கள்.

சுவரைச் சுற்றி நாற்பதடிக்கு வம்ச வரைபடம். வால்பேப்பருக்கு அடியில் ஒட்டுகிற வெறுந்தாள் சுருளை விரித்து, மூன்று கிளைகளையும் எட்னா தன் கையால் வரைந்திருந்தாள். ஒவ்வொருவர் பெயரின் கீழும் பிறப்பு, தொழில், இறப்பு, எதனால் இறப்பு. இந்தக் கடைசி விவரம் வம்சப்படத்தில் யாரும் போடுவதில்லை. சான்றிதழில் அந்தக் கட்டம் இருந்தது, எழுதினாள். வந்த விவரம் எதையும் வீணாக்க அவளுக்கு மனசு வராது. கீத், ஜானிஸ் பெயர்களுக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் வரைந்து காலியாக விட்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து ஜானிஸை வாழ்த்தினார்கள்.

கீத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனபோது மேல் தட்டு சரிந்து உடைந்தது.

"பாத்தீங்களா, எந்தக் கிளைன்னு கேக்கவே வேணாம்!" என்று பாலத்துக்காரர் ஒருவர் கத்தினார். கூடம் முழுக்கச் சிரித்தது. கீத்தும் சிரித்தான்.

ஜானிஸ் சிரிக்கவில்லை. அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வரைபடத்தின் மூன்றாவது கிளையை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு, மனநோய் விடுதியில், புத்தி பேதலிப்பு. ஐம்பத்தொன்று, நடுக்கு வலிப்பு. நாற்பத்து மூன்று, குடியால் வந்த பைத்தியம். நாற்பத்தாறு, கால்வாயில் விழுந்து. பக்கத்தில் கென்ட்டிலிருந்து வந்த டோரின் என்ற அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் மூன்றாவது கிளை, பாட்டனார் காலத்தில் தெற்கே போனவர்கள்.

"உங்க தம்பி பேரும் இருக்கே, லெஸ்லி. அவர் வரலையா?" என்று ஜானிஸ் கேட்டாள்.

"அவனா? அவனைக் கூட்டிட்டு வந்து மானம் போகவா? ஆறு வருஷமா முழு நேரமும் போதை. நான் அவன்கூடப் பேசுறதை விட்டுட்டேன்மா."

"வயசு என்ன?"

"நாப்பத்தொம்பது."

ஜானிஸ் முக்காலியிலிருந்து இறங்கினாள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேக் வெட்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். கர்ப்பிணிக்கு அசதி என்று எட்னா நினைத்தாள்.

வியாழக்கிழமை ஜானிஸ் தனியாக வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"அத்தை, மாமா குடிச்சதை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"ஊரே பாத்துச்சும்மா."

"தள்ளாடுனதைப் பாத்திருக்கும். கையில கிளாஸைப் பாத்தது யாரு?"

எட்னா யோசித்தாள். தம்பி செத்தபிறகு வீட்டைக் காலி செய்தது அவள்தான். பாத்திரம் கழுவுமிடத்துக்குக் கீழே, கட்டிலுக்கடியில், கரி கொட்டுகிற அறையில் எல்லாம் தேடினாள். ஒரு புட்டி கிடைக்கவில்லை.

"நல்லா ஒளிச்சு வெச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றாள். தன் குரலே தனக்குக் கேவலமாக இருந்தது.

"ஒளிக்க ஒண்ணுமில்ல அத்தை. இது நோய். ஹன்டிங்டன்னு பேரு. நான் படிக்கிறப்ப ஒரு வார்டுல ஆறு மாசம் இதே ஆளுங்களைத்தான் பாத்துக்கிட்டேன். நடு வயசுல வரும். உடம்பு தன்னால ஆடும், பேச்சு குழறும், அப்புறம் புத்தி போகும். மருந்து கிடையாது. அப்பனுக்கோ அம்மாவுக்கோ இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி." சொல்லச் சொல்ல அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "அன்னைக்குச் சுவத்துல அது தலைமுறை தலைமுறையா இறங்கி வருது. கடைசியில கீத். அதுக்குக் கீழ நீங்க போட்ட பென்சில் கட்டம்."

இருவரும் தரை விரிப்பில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பினார்கள். மூன்றாவது கிளையில் 1852-லிருந்து 1976 வரை பத்தொன்பது பேர். தகப்பன், மகன், பேரன் என்று ஒரே நோய், மருத்துவர் மாறும்போதெல்லாம் வேறு வேறு பெயரில். பாலத்துக் கிளையிலும் லாட வீட்டுக் கிளையிலும் ஒன்றுகூட இல்லை. அவர்கள் எண்பது வயதில் மார்ச்சளியில் போனார்கள். எட்னாவின் கையெழுத்துதான் எல்லாம். அழகான, சாய்வில்லாத கையெழுத்து. ஒவ்வொரு சான்றிதழும் வந்த அன்றைக்கே எழுதியது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்து அவள் ஒருநாளும் படித்ததில்லை.

அப்பாவின் அட்டை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் குடிக்கவில்லை. தாத்தா குடிக்கவில்லை. சட்டம் போட்ட உறுதிமொழிச் சீட்டு ஒரு சொட்டுப் பொய்யில்லாமல் அடுப்புக்கு மேலே இன்னும் தொங்கியது. எட்னா தம்பியின் அட்டையை மட்டும் கையில் எடுக்கவில்லை.

ஜானிஸ் அன்றிரவே கீத்திடம் சொன்னாள். அடுத்த வாரம் மூன்று பேரும் லீட்ஸில் இதற்கென்று இருந்த மருத்துவரிடம் போனார்கள். நல்ல மனுஷர். அட்டைகளை மேஜைமேல் பரப்பி ஒரு மணி நேரம் பார்த்தார். இப்படி ஒரு வம்சப்படத்தைத் தன் வேலையில் கண்டதில்லை என்றார். கீத்துக்கு இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல அன்றைக்குச் சோதனை வரவில்லை. பத்துப் பதினைந்து வருஷம் காத்திருந்தால் உடம்பே சொல்லும். பிள்ளைக்கும் அதே கதை, அதற்கு நாற்பது வயது ஆகும்போது. பிறகு அவர் எட்னாவை அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்கச் சொன்னார். விரல்களை நீட்டச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"உங்களுக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. ஒரு அறிகுறியும் இல்ல. நீங்க அநேகமாத் தப்பிச்சிட்டீங்கம்மா" என்றார், நல்ல செய்தி சொல்கிறவர் குரலில்.

எட்னாவுக்கு அவரை அறையலாம் போலிருந்தது. பிள்ளை பெறாதவளுக்கு வந்திருந்தால் அது அவளோடு போயிருக்கும். ரேமண்டுக்குப் பதில் அவளுக்கு வந்திருக்கக் கூடாதா? தப்பித்துத் தப்பித்து ஷூ பெட்டிகளைக் காவல் காக்கவா பிறந்தேன் என்று ரயிலில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

ஜூன் இரண்டாம் வாரம் கீத் தனியாக வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்து நின்றான்.

"புள்ள வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் அத்தை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டோம்."

எட்னாவுக்கு ஆணா பெண்ணா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம்; அட்டையில் முதல் கேள்வி அதுதான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

"ஜானிஸ் எப்படி இருக்கா?"

"கெடக்குறா. சுவத்தைப் பாத்துக்கிட்டு." அவன் மாடிப்படியில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான். "இதெல்லாம் ஒம்பது வருஷமா உன்கிட்ட இருக்கு."

"ஆமா."

"நான் இந்த வீட்லதான் அத்தை இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால ஜானிஸைக் கூட்டிட்டு வந்து இந்த மேஜையிலதான் சாப்பிட்டோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வரிசையாப் படிச்சிருக்கக் கூடாதா?"

"பேரைத்தாண்டா படிச்சேன்" என்றாள் எட்னா. "பேரை மட்டுந்தான் பாத்தேன்."

அவன் அழுதான். அவளும் அழுதாள், ஆனால் அவனைத் தொடப் பயந்து அப்படியே நின்றாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

அதை அவள் ஏற்கெனவே எண்ணியிருந்தாள். "பதினேழு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கல்யாணம் ஆகாதவங்க இருக்காங்களா? புள்ள இல்லாதவங்க?"

"எட்டுப் பேரு."

"அப்ப எழுது. அறுபத்து மூணு பேரையும் தேடிக் கண்டுபிடிச்சியே, கூட்டம் போட்டியே, கேக் வெட்டுனியே. இதையும் நீதான் எழுதணும். வேற எவனுக்கும் அந்த அட்ரஸ் தெரியாது." வாசலுக்குப் போனவன் திரும்பினான். "வெளிய கட்டிக் குடுத்த பொண்ணுங்களையும் விடாத அத்தை. சிவப்புக் கோடு போட்டு மூடிட்டியே, அவங்களையும். அது பேரு பாத்து வர்றதில்ல."

அவன் போனபிறகு எட்னா அழிரப்பரை எடுத்துக்கொண்டு, முன்னறையில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை விரித்தாள். பென்சில் கட்டத்தின் மேல் ரப்பரை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டாள். கட்டம் கட்டமாகவே இருக்கட்டும் என்று சுருட்டி மூலையில் வைத்தாள்.

பதினேழு கடிதங்கள் எழுத மூன்று வாரம் ஆயிற்று. கூட்டத்துக்கு அழைப்பு அடித்த அதே தட்டச்சுப் பொறி, அதே முகவரிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினாள். உங்கள் தகப்பனார் இன்னார், அவருக்கு இப்படி இருந்தது, அது குடி அல்ல, லீட்ஸில் இன்ன மருத்துவரைப் பாருங்கள், எனக்கு இது ஒன்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், என்னை மன்னியுங்கள். அதன்பிறகு சிவப்புக் கோடு போட்ட அட்டைகளைத் தூசு தட்டி எடுத்தாள். நூறு வருஷத்தில் மூன்றாவது கிளையிலிருந்து வெளியே போன பெண்கள் முப்பத்தொருவர். அவர்களுடைய பிள்ளைகள் ஸ்மித், ஹாரிசன், உட். டைரக்டரியில் ஸ்மித் மட்டும் எத்தனை பக்கம் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் ஆரம்பித்தாள்.

பதில்கள் ஜூலையில் வர ஆரம்பித்தன. முதல் கடிதம் ஒரே வரி: இனி எங்களுக்கு எழுத வேண்டாம். இரண்டாவதில் அவளுடைய கடிதமே நாலாகக் கிழிந்து திரும்ப வந்தது. நார்விச்சிலிருந்து ஒருவன் தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகவும், பையன் வீட்டுக்கு விஷயம் போனால் எட்னாவைக் கோர்ட்டுக்கு இழுப்பதாகவும் எழுதியிருந்தான். சேப்பலில் பழைய சபைப் பெரியவரின் மகன் இப்போது பெரியவர். அவரிடம் போய், அப்பாவைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கியதற்குக் காரணமாகக் குடி என்று ஏட்டில் எழுதியிருப்பதை அடிக்க வேண்டும் என்றாள். செத்துப்போனவர்கள் விஷயத்தை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார் அவர்.

"குடிகாரன்னு எழுதுனப்ப உசுரோட இருந்தாருய்யா" என்றாள் எட்னா. வீட்டுக்கு வந்து ரேமண்டின் அட்டையை எடுத்து, குறிப்பில் இருந்த அந்த ஒரு வார்த்தையை அடித்தாள். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், உண்மை சொன்னான், என்று எழுதினாள்.

ஆகஸ்டில் ஒரு காலை தபால் துவாரத்தின் தகடு எழும்பி ஓர் உறை வாசல் கால்மிதியில் விழுந்தது. கென்ட் முத்திரை. எட்னா நின்றபடியே பிரித்தாள். டோரின் எழுதியிருந்தாள்.

"உங்கள் கடிதம் வந்த அன்று உங்களைச் சபித்தேன். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் லெஸ்லி வாடகைக்கு இருக்கிற அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு. நான் குடிக்கலை டோரின் என்றுதான் அவன் முதல் வார்த்தை சொன்னான். தெரியும்டா என்றேன். அதற்குமேல் எங்கள் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. இப்போது என் வீட்டில் இருக்கிறான். நிறைய உடைக்கிறான். பிளாஸ்டிக் கோப்பை வாங்கிவிட்டேன்."

எட்னா கடிதத்தை மடித்து மேலங்கிப் பையில் வைத்தாள். பிறகு கால்மிதியின் மேல் மெதுவாக முழங்காலிட்டாள். அறுபத்தொரு வயது முழங்கால் வலித்தது. தகட்டு மூடியை விரலால் உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் துவாரத்தின் அருகே கொண்டுபோனாள். வெளியே யாரும் இல்லை. எதிர்வீட்டுப் படியில் பால் புட்டிகள் நின்றன. தெருக் காற்று முகத்தில் அடித்தது. அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள். ஒரு வாடையும் இல்லை.